பசியாறியாச்சா என்று கேட்டவள்

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மறந்துபோகவில்லை. அவளைப் பற்றி நல்லதாகப் பேச இந்த மலாக்காவில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயரையும் எழுதி அந்தக் கூட்டத்தில் நானும் போய் நிற்க வேண்டாம் என்றுதான். எழுதினால் வாசிக்கிறவர்கள் எவ்வளவு அழகான பெயர் என்பார்கள். அது வேறு எனக்குத் தாங்காது.

ஆமாம், எனக்கு அவள்மேல் பொறாமை. அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவளுடைய சம்பளத்தின்மேல் இல்லை, அழகின்மேலும் இல்லை. அவள் ஒன்று கேட்டால் ஆட்கள் பதில் சொன்னார்கள். அதன்மேல்தான். எனக்கும் யாராவது அப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விஷயம் அவ்வளவுதான்.

மலாக்கா டவுனில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். மீன் வாங்கி, உறையவைத்து, லாரியில் ஏற்றி அனுப்புகிற கம்பெனி. உம்பாயில் ஒரு ஸ்டோர், மெர்லிமாவில் ஒன்று, ஜொகூர் எல்லையைத் தாண்டி மூவாரில் ஒன்று, இன்னும் சில. எந்த ஸ்டோரில் எவ்வளவு மீன் இருக்கிறது, எந்த லாரியில் எது ஏற வேண்டும் என்கிற ரிப்போர்ட், காலையில் கதவு திறக்கும்முன் அந்தந்த ஸ்டோர் கிராணிக்கு ஈமெயிலில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கிளார்க்கை எங்கள் ஊரில் கிராணி என்போம். முன்பெல்லாம் அந்த ரிப்போர்ட்டுகளை நான்தான் ஒவ்வொன்றாகக் கையால் அனுப்பிக்கொண்டிருந்தேன். பிறகு அவை தாமாகவே போகிற ஒரு சிஸ்டம் வந்தது. கூடவே அவளும் வந்தாள்.

மேனேஜர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். எந்த ரிப்போர்ட் எந்த நேரத்துக்கு யாருக்குப் போக வேண்டும் என்று சிஸ்டத்தில் ஏற்பாடு செய்வது அவள் வேலை. போனதா, போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது என் வேலை. கேட்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அவள் ஒருமுறை செய்தால் முடிந்தது. நான் தினமும் செய்ய வேண்டும். அனுப்பியாகிவிட்டது என்று சிஸ்டம் பச்சை விளக்குக் காட்டும். அந்தப் பச்சையை நம்பிக் கைகட்டி உட்கார முடியாது. ஒருவருக்கு மெயில்பெட்டி நிறைந்து வழியும். இன்னொருவருக்குக் குப்பை மெயில்களோடு போய் விழுந்து கிடக்கும். வேறொருவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பார். அதனால் ஒவ்வொரு ஸ்டோருக்கும் போன் போட்டுக் கேட்பேன்.

"ரிப்போர்ட் வந்துச்சா?"

"வந்துச்சு."

டொக். வைத்துவிடுவார்கள்.

அவள் வந்து சேர்வதே நான் பாதிப் போன்களை முடித்த பிறகுதான். குள்ளமான உருவம். கூந்தலைச் சுருட்டி ஒரு பெரிய கிளிப்பில் மாட்டியிருப்பாள். செருப்பை மேசைக்கடியில் உதறிவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிவந்த ஐஸ் தேநீரை, எங்கள் ஊர் தே ஐஸை, டிராயர் கைப்பிடியில் தொங்கவிட்டு, ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பாள். என்னைவிடச் சின்னவள். மெர்லிமாவ் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து தாமான் குடியிருப்பு வீட்டுக்கு மாறி வந்த குடும்பம். நானும் அதே பக்கம்தான், அதே மாதிரிக் குடும்பம்தான். அப்படியிருந்தும் அவளுக்கு மட்டும் எங்கிருந்து அந்தச் சிரிப்பு வந்தது என்று யோசித்திருக்கிறேன்.

"ஏன்கா சும்மா சும்மா போன் பண்ணிக்கிட்டு இருக்கீங்க? ஒரு தடவ செட் பண்ணிட்டா போதும்லா. அது பாட்டுக்கு ஓடும்."

அவள் அடிக்கடி சொல்வது இதுதான். வேலையில் மட்டுமில்லை, அவளுக்கு எல்லாமே அப்படித்தான் ஓடியது. எதையும் ஒரே ஒருமுறை செய்வாள். அதற்கான பலன் வருஷக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும்.

கீழே கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு ஜாகா இருந்தார். காவல்காரர், நம் ஆள்தான். நான் தினமும் அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுப்பேன். "தேங்ஸ்மா" என்பார், அதோடு சரி. அவள் ஒரு தடவை, அவர் மனைவிக்கு நெஞ்சு வலித்தபோது, காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டாள். நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து மர நிழலில் இருக்கும் ஒரே ஒரு இடத்தில் அவர் சிவப்புக் கூம்பு ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவள் கார் திரும்பினால்தான் அதை எடுப்பார். நான் கோப்பியும் கையுமாக வெயிலில் நிறுத்திவிட்டு வருவேன்.

தீபாவளிக்கு வருஷா வருஷம் முறுக்கு சுட்டு ஆபீசுக்குக் கொண்டுபோவேன். மலாய்க்காரர்கள், சீனர்கள் எல்லாரும் ஆசையாகச் சாப்பிடுவார்கள். சாப்பிட்டுக்கொண்டே, "ஒரு வருஷம் அவ அச்சுமுறுக்கு கொண்டாந்தாளே, ஞாபகம் இருக்கா?" என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவள் கொண்டுவந்தது அந்த ஒரு வருஷம்தான். அதுவும் அவள் சுட்டதில்லை. பசாரில் வாங்கியது. டின்னின் அடியில் கடைச்சீட்டு ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும், வேலைக்கு நடுவில் வாங்கிக்கொண்டு வந்தாளே, பாவம் என்று அதற்கும் அவளைத்தான் மெச்சியிருப்பார்கள்.

இப்போது அவள் எழுதிய அந்த ஒரு வரிக்கு வருகிறேன்.

ரிப்போர்ட்டோடு சேர்த்து அனுப்ப, சிஸ்டத்தில் ஒரு கட்டம் உண்டு. அதில் ஏதாவது எழுதலாம். நான் கையால் அனுப்பிய காலத்தில், 'இணைப்பைப் பார்க்கவும், நன்றி' என்று எழுதுவேன். வேறென்ன எழுதுவது? அவள் எழுதியது இது: 'பசியாறியாச்சா? பசியாறிட்டு அப்புறம் பாருங்க.' தமிழ்க் கிராணிகளுக்குத் தமிழில். மலாய்க்காரர்களுக்கு, 'சூடா மாக்கான்?' என்று ஆரம்பித்து மலாயில் அதையே. கீழே அவள் பெயர், பக்கத்தில் ஒரு மஞ்சள் சிரிப்பு.

"ஆபீஸ் மெயில்ல யாராச்சும் இப்படி எழுதுவாங்களா?" என்று கேட்டேன்.

"காலங்காத்தால வெறும் வயித்துல மீன் கணக்கு பாக்க யாருக்குப் புடிக்கும்? மொதல்ல சாப்புடட்டும்லா கா."

மேனேஜர் கண்டுகொள்ளவே இல்லை. அவருக்கு ரிப்போர்ட் நேரத்துக்குப் போனால் போதும்.

மறுநாளிலிருந்து பதில்கள் வர ஆரம்பித்தன. அது தானாகப் போகிற மெயில் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். தினமும் ஒரே நேரம், ஒரே வரி, ஒரே சிரிப்பு. அவள் லீவு போட்டுவிட்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நாளிலும் அப்படியே போனது. தெரிந்தும் எழுதினார்கள். 'ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு' என்று மெர்லிமாவ் கிராணி. 'லொந்தோங் சாப்பிட்டேன், மகள் செய்தாள், உனக்கும் கொடுத்தனுப்பச் சொன்னாள்' என்று மூவாரில் இருந்த மலாய்க்காரப் பெரியவர். 'பல்வலி, வெறும் கஞ்சிதான்' என்று இன்னொருவர். எல்லாம் ஒரு மெஷினுக்கு.

அவள் அதில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. பதில்கள் வந்ததும் தாமாகவே ஒரு தனி இடத்தில் போய்ச் சேரும்படி அதற்கும் ஓர் ஏற்பாடு செய்துவைத்திருந்தாள்.

"படிக்கவே மாட்டியா?"

"படிச்சி என்னா செய்யப் போறேன்? சாப்டாங்கன்னா சரிதான்."

படித்தது நான். ரிப்போர்ட் திறக்கவில்லை, தப்பான ஸ்டோர் கணக்கு வந்திருக்கிறது என்கிற புகார்களும் அந்தக் கஞ்சிக்கும் லொந்தோங்குக்கும் நடுவேதான் வரும். அவற்றைப் பொறுக்கி எடுப்பது என் வேலை. அதற்காக ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்பு என்னிடம் 'வந்துச்சு' என்று ஒரு வார்த்தையோடு போனை வைத்த அதே மெர்லிமாவ் கிராணி, அவளுக்குத் தன் மாமியார் வைத்த மீன்குழம்பில் புளி தூக்கலாகிவிட்டதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருப்பார். படிக்கப் படிக்க எனக்கு மூக்கு விடைக்கும்.

ஒருநாள் நானும் முயன்று பார்த்தேன். அவருக்குப் போன் போட்டு, ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன், என் குரலைக் கொஞ்சம் குழைத்துக்கொண்டு, "பசியாறியாச்சாண்ணே?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏன்மா? ரிப்போர்ட்ல ஏதும் தப்பு பண்ணிட்டனா?"

அதற்குப் பிறகு நான் யாரிடமும் அதைக் கேட்கவில்லை.

அவள் ஏற்பாடு எதுவும் தவறவே தவறாது என்று நினைத்துவிட வேண்டாம். தவறும். ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறையாக இருந்தது. பிறகு எங்களைப் போலவே சனியும் ஞாயிறும் என்று மாற்றினார்கள். மாதக்கணக்காகவே ஊரெல்லாம் அதுதான் பேச்சு. மூவார் ஸ்டோருக்கு அவள் செய்திருந்த ஏற்பாடு மட்டும் மாறவில்லை. முதல் வெள்ளிக்கிழமை மூவாரில் கதவு திறந்திருந்தது, லாரி நின்றது, ரிப்போர்ட் இல்லை. வழக்கம்போல நான் போன் போட்டதால்தான் தெரிந்தது. அவள் இன்னும் வந்து சேரவில்லை. அவள் ஏற்பாட்டிலேயே வெள்ளிக்கிழமையைச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமையை எடுத்து, மூவாருக்குப் போகிற ஒவ்வொன்றையும் நானே திருத்தி ஓடவிட்டேன். லாரி புறப்பட்டது.

மூவார் பெரியவர் அன்றே நன்றி எழுதினார். அவளுக்கு. வெள்ளிக்கிழமையும் தன்னை ஞாபகம் வைத்துக் கேட்டாளாம், இன்று நாசி லெமாக்காம்.

அவள் வந்ததும் சொன்னேன். கண்ணை அகல விரித்து, "ஐயோ, மறந்தே போச்சுகா. நல்லவேள நீங்க பாத்தீங்க" என்று என் தோளைக் கட்டிக்கொண்டாள். கோபப்படலாம் என்று காலையிலிருந்து சேர்த்துவைத்திருந்தேன். அவள் தே ஐஸ் பையை அவிழ்த்து முதல் உறிஞ்சலை எனக்குக் கொடுத்தாள். இப்படி ஒருத்தியிடம் எப்படிக் கோபப்படுவது? அது முடியாமல் போனதும் சேர்ந்துதான் எரிச்சலாக இருந்தது.

உம்பாய் ஸ்டோரில் ஒரு கிராணி இருந்தார். எல்லாரையும்விட நீளமாகப் பதில் எழுதுகிறவர் அவர்தான். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் கோலாலம்பூரில். மகள் வாங்கிக் கொடுத்த பெரிய போனில், ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுவார் போல. எழுத்துப்பிழை நிறைய இருக்கும். 'இன்னைக்குக் கஞ்சியும் நெத்திலியும். நெத்திலி லேசாகக் கசந்தது, தலையைக் கிள்ளாமல் விட்டுவிட்டேன்.' இப்படி. அவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கிறுகிறுவென்று வந்துவிடும் என்றும் ஒருமுறை எழுதியிருந்தார்.

வயதாகி அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வேலையை விட்டவர்களுக்குக் கம்பெனி ரிப்போர்ட் போகக் கூடாது. அவர் முகவரியை எடுத்தேன், புதிதாக வந்தவர் முகவரியைப் போட்டேன். கொஞ்ச நாளில் ஆபீசுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. எடுத்தது நான்.

"அந்தப் பொண்ணு இருக்காம்மா? மெயில் வரமாட்டேங்குது."

"இனிமே ரிப்போர்ட் உங்களுக்கு வராது அங்கிள். நீங்கதான் ரிட்டையர் ஆயிட்டீங்கள்ல."

"ரிப்போர்ட் யாருக்கும்மா வேணும்?" என்றார்.

அவளிடம் சொன்னேன். கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருக்கு மட்டும் தனியாக ஓர் ஏற்பாடு செய்தாள். உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு ரிப்போர்ட். வெறும் தாள். அதோடு அந்த ஒரு வரி, அவள் பெயர், மஞ்சள் சிரிப்பு. தினமும் காலையில் அவர் போனுக்கு.

"மேனேஜர் கேட்டா?"

"வெறும் தாளுக்கு யாருகா கேக்கப் போறா?"

தே ஐஸ் பையில் ஐஸ் கரைவதற்குள் வேலையை முடித்துவிட்டாள். முடித்த கையோடு அவரை மறந்தும்விட்டாள். அவரோ மறுநாளே எழுதினார். அதற்கு மறுநாளும் எழுதினார். ஒரு நாள்கூட விடவில்லை. 'நீ கேப்பேன்னுதான் அடுப்பைப் பத்த வெச்சேன். இல்லாட்டி பிஸ்கட்டைத் தொட்டுக்கிட்டு இருந்திருப்பேன்' என்று ஒருநாள் எழுதியிருந்தார். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவளைப் போய் உலுக்கிக் காட்டலாமா என்று இருந்தது. காட்டினால் அவள் கண் கலங்குவாள். அதை ஆபீசே பார்த்து உருகும். அதற்கு நான் ஏன் உதவ வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது அவள் கணவனுக்குப் பினாங்கில் வேலை கிடைத்தது. அவளும் வேலையை விடுகிறாள் என்றதும் ஆபீசில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. வழியனுப்பு விருந்தை உம்பாயில் சுட்டமீன் கடையில் வைத்தார்கள். மெர்லிமாவ் கிராணி வந்தார், மூவார் பெரியவர் மகளோடு வந்தார், ஜாகா அண்ணன் மனைவியோடு வந்தார். வாழையிலையில் சுட்ட மீன் வந்தது, சம்பல் வந்தது. பாதிப் பேர் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்ல மாட்டேன். அதே நேரம், நான் போனால் இப்படி யார் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டும் இருந்தேன்.

அவள் கை கழுவ எழுந்தபோது பின்னாலேயே போனேன்.

"இங்கதான் பக்கத்துல இருக்காரு. ஒரு எட்டு போயி பாத்துட்டு வந்துருவமா?"

"யாருகா?"

"உம்பாய் அங்கிள். வெறும் தாள் அனுப்புறியே."

நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "ஐயோ, அது இன்னுமா ஓடுது?"

"தெனமும் உனக்கு பதில் எழுதுறாரு."

"தெனமுமா? பாவம்கா." ஈரக் கையை என் தோளில் வைத்தாள். "நீங்க பாத்துக்குங்க. உங்கள மாதிரி யாரு பாப்பா?"

அதற்குள் போட்டோ எடுக்க அவளைக் கூப்பிட்டார்கள். ஓடிவிட்டாள். அந்தப் போட்டோ இன்றும் ஆபீஸ் சுவரில் இருக்கிறது. நடுவில் அவள். ஓரத்தில் என் தோள் பாதி.

மறுவாரம் மேனேஜர் கூப்பிட்டார். மாதக் கடைசியில் சிஸ்டத்தில் அவள் கணக்கை மூடிவிடுவார்கள், அவள் பெயரில் ஓடுகிற ரிப்போர்ட்டுகள் எல்லாம் அதோடு நின்றுவிடும், அதற்குள் எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்றிவிட வேண்டும் என்றார். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். வீட்டுக்குப் போகிற வழியில் காருக்குள் தனியாகச் சிரித்தேன். இனி எல்லா ஸ்டோருக்கும் காலையில் என் பெயர் போகும்.

ஒவ்வொரு ஏற்பாடாகத் திறந்து மறுபடி செய்தேன். அந்தக் கட்டம் வந்தது. 'இணைப்பைப் பார்க்கவும்' என்று பழையபடி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அவள் வரியையே வைத்துக்கொண்டேன். எனக்குப் பதில்தான் வேண்டும். கீழே என் பெயரைப் போட்டேன். மஞ்சள் சிரிப்பைப் போடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்து, அதையும் போட்டேன். உம்பாய் அங்கிளின் வெறும் தாளையும் மறக்காமல் மாற்றினேன். விட்டுவிட மனசு வரவில்லை. அத்தனை நீளமாக எழுதுகிறவர் நாளைக்கு எனக்கும் எழுதுவார் என்கிற பேராசையும் இருந்தது.

முதல் நாள் பதில்கள் வந்தன. 'அவங்க போயிட்டாங்களா?' என்று ஒன்று. 'பினாங்கு நம்பர் இருந்தா குடுங்க' என்று ஒன்று. 'அவங்களை விசாரிச்சதா சொல்லுங்க' என்று மெர்லிமாவ் கிராணி. அடுத்த நாள் ஒன்றிரண்டு. பிறகு ஒன்றுமில்லை. யாரும் என்ன சாப்பிட்டார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. பச்சை விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்தது.

உம்பாயிலிருந்து முதல் நாளே பதில் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெயில் போய்விட்டது என்று சிஸ்டம் சொன்னது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால்கூட அது அப்படித்தான் பச்சை காட்டும். அவருடைய பழைய பதில் ஒன்றின் அடியில் நம்பர் இருந்தது. ஸ்டோர்களுக்குப் போட வேண்டிய போன்களைத் தள்ளிவைத்துவிட்டு அவருக்குப் போட்டேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தார். அவர் குரல் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"யாரு?"

"ஆபீஸ்லேர்ந்து பேசுறேன் அங்கிள். மெயில் வந்துச்சா?"

"ஓ, நீயா. 'ரிப்போர்ட் வந்துச்சா' பொண்ணு."

இத்தனை வருஷமாக எனக்கு இருந்த பெயர் அதுதான் என்று அன்றுதான் தெரிந்தது.

"ஆமா அங்கிள். பசியாறியாச்சான்னு கேட்டு ஒரு மெயில் வந்துருக்குமே?"

"வந்துச்சு வந்துச்சு. யாரோ ஒரு பொம்பள பேர்ல. மக சொல்லியிருக்கா, தெரியாத பேர்ல எது வந்தாலும் தொடாதீங்கப்பா, ஸ்கேம்காரனுங்க பேங்க்ல இருக்குறத உருவிருவானுங்கன்னு. அழிச்சிட்டேன். அது விடாம தெனம் வருது. நீ ஆபீஸ்ல சொல்லி வையி, யாரோ அவ எழுதுற மாதிரியே எழுதி ஏமாத்துறாங்க."

அந்த யாரோ ஒரு பொம்பளை நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சொல்றேன் அங்கிள்."

"அவளுக்கு என்னா ஆச்சு? ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல அங்கிள். வேலய விட்டுட்டா. பினாங்குக்குப் போயிட்டாங்க."

அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ சமையல் குறிப்புச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. "சொல்லாமயே போயிட்டாளே" என்றார் கடைசியில்.

நான் என்ன சொல்வது? அவர் வீட்டுக்குக் கூப்பிடுதூரத்தில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டுவிட்டுப் போனாள் என்றா?

"நீங்க பசியாறிட்டீங்களா அங்கிள்?" என்று கேட்டேன். கேட்டது எனக்கே புதிதாக இருந்தது.

"பிஸ்கட்டு இருக்கு. பசிக்கல."

"மாத்திர போட்டாச்சா?"

"அது அப்பவே போட்டாச்சு." பிறகு அவர் குரலில் ஏதோ மாறியது. "ஏம்மா, நீ ஏன் இதெல்லாம் கேக்குற? அவ கேக்கச் சொன்னாளா?"

இல்லை அங்கிள், அவள் உங்களை மறந்தே போய்விட்டாள். உங்கள் நெத்திலி கசந்தது, சம்பல் கருகியது, மகள் வராத தீபாவளி, எல்லாம் எனக்குத்தான் தெரியும். ஒரு வரி விடாமல் படித்தவள் நான். இப்போது கேட்பதும் நான். இத்தனையும் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 'சரிம்மா' என்பார். டொக். பிஸ்கட்டோடு கிடப்பார்.

"ஆமா அங்கிள்" என்றேன். "போறப்ப சொல்லிட்டுத்தான் போனா. தெனம் மறக்காம கேக்கணும்னு."

"அப்படியா சொன்னா?"

"ஆமா."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "இரு, வச்சிறாத. அடுப்ப பத்த வச்சிட்டு வரேன்" என்றார். அடுப்புப் பற்றுகிற சத்தமும் கேட்டது. திரும்பி வந்து, முட்டை இருக்கிறது, நேற்றைய சோறு இருக்கிறது, வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கிளறினால் போதும் என்று சொல்லிக்கொண்டே போனார். வெந்ததும் சொன்னார். உப்புக் குறைவு என்றார். மேனேஜர் என்னைத் தாண்டி இரண்டு தடவை போய் வந்தார். நான் போனை வைக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் போன் செய்கிறேன். லீவு நாளிலும் செய்கிறேன். என்னிடம் ஒரு ஆள் இவ்வளவு நீளமாகப் பேசுவது இதுதான் முதல் தடவை. ஒவ்வொன்றையும் சொல்லி முடித்து, "இத அவகிட்ட சொல்லிரு" என்பார். "சொல்லிர்றேன்" என்பேன். பினாங்கிலிருந்து இன்றுவரை எனக்கு ஒரு போன் வந்ததில்லை. தீபாவளிக்கு ஒரு வாழ்த்துப் படம் அனுப்பினாள், ஊரில் எல்லாருக்கும் அனுப்பிய அதே படம்.

நேற்றுக் காலையிலும் கேட்டேன். தோசைக்கல் காய்கிறது என்றார். பிறகு பெருமூச்சு விட்டு, "பாரு, எங்கயோ பினாங்குல இருந்துக்கிட்டு ஒரு நாளு விடாம ஆள் விட்டு விசாரிக்கிறா. பெத்த மக வாரத்துக்கு ஒரு தடவ கேட்டா பெருசு. இந்தக் காலத்துல யாரும்மா இப்படி இருப்பா, சொல்லு" என்றார்.

வயிறு எரிந்தது.

"யாரும் இருக்க மாட்டாங்க அங்கிள்" என்றேன். "தோசைக்குத் தொட்டுக்க என்னா வச்சிருக்கீங்க?"